இனிஷியல் இல்லாத பதினோரு பேர்

1

போன வாரம் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் மனைவி மெஹருன்னிஸாவின் தங்கை மகளுக்கு நிக்காஹ். உறையைப் பிரித்தது என் மகள் ஹசீனா. பதினைந்து வயதாகிறது. ஸ்பானிஷ் என்றால் மூச்சு விடாமல் பேசுவாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மாமன்மார், மச்சான்மார், அழைப்பவர்கள், வாழ்த்துபவர்கள் என்று இரண்டு பக்கம் நிறைந்திருந்த பெயர்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா வாப்பா இது? எல்லார் பேருக்கு முன்னாடியும் ஒத்த ஒத்த எழுத்தா கீது?"

"இனிஷியல்மா. அவங்க அவங்க வாப்பா பேரோட மொத எழுத்து."

"அப்ப மீதி எழுத்து எங்க?"

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை. அடுக்களையிலிருந்து மெஹருன்னிஸா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைவுதான் வந்திருக்கும். "அந்தப் பேச்ச வுடு ஹசீனா" என்று பத்திரிகையை வாங்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டாள்.

முன்பு நாங்கள் இருந்த லாயூனை விட்டு ஏன் வந்தீர்கள் என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறேன். வியாபாரம் டல் என்றேன், மணல் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். எல்லாம் பொய். பழவேற்காட்டில் நம் ஜமாஅத் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். உண்மையை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2

இப்போது நாங்கள் இருப்பது லாஸ் பல்மாஸ். ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவில் இருக்கும் நகரம், ஆனால் ஆப்பிரிக்கக் கரைதான் பக்கம். மெஹருன்னிஸா இங்கே வந்த முதல் வாரம் பாவாடைக்கு நாடா வாங்கக் கடைக்குப் போனாள். தமிழிலேயே "நாடா, நாடா" என்று இடுப்பைச் சுற்றி விரலால் காட்டியிருக்கிறாள். ஸ்பானிஷில் நாடா என்றால் 'ஒன்றுமில்லை'. கடைக்காரர் பதறிப்போய் இவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இடுப்பில் ஒன்றுமில்லை என்று ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

என் பாடு வேறு. நான் மு. ஷேக் தாவூத். 'மு' என்றால் முகம்மது காசிம், என் வாப்பா. வெளிநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுக்கும்போதே திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாறிப் போய், கோர்ட் வாசலில் நோட்டரியிடம் எழுதி வாங்கி, 'மு'வை விரித்து முகம்மது காசிம் ஆக்கினோம். அன்றிலிருந்து எந்த நாட்டு அலுவலகத்திலும் "காசிம்!" என்று என் வாப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். மவுத்தாகி மண்ணுக்குள் போன மனிதருக்குப் பதிலாக நான் எழுந்து போய் நிற்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் லாயூனில் ஆறு வருடம். அதற்கும் முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிப்ட், யார் லீவு என்று பெயர்ப் பட்டியல் அடிப்பது வேலை. கட்டம் சின்னது. இனிஷியல், புள்ளி, பெயர், அடுத்த வரி. இரண்டாயிரம் பிறந்த சமயம் மில் படுத்துக்கொண்டது. லாஸ் பல்மாஸில் ஒரு சிந்தி சேட்டிடம் வேலை பார்த்த என் மாமா, "லாயூன்ல சேட்டு ஒரு கட வெச்சிக்கிறாரு. ஜெராக்ஸ், போன், டைப்பிங். நம்பிக்கையான ஆளு வேணுமாம். நீ குர்ஆன் ஓதுனவன், எழுத்து தெரியும், கெளம்பி வா" என்றார். அரபி எழுத்தை வாசிப்பேன், அர்த்தம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். மாமா காதில் விழவில்லை.

3

லாயூன் எங்கே இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம், சகாரா மணல் கடலில் வந்து விழும் இடம். ஸ்பெயின் அதை ஆண்டு, எழுபதுகளின் நடுவில் விட்டுப் போனது. மொராக்கோ உள்ளே வந்தது. அந்த மண்ணின் மக்களான சஹ்ராவிகளில் பாதிப்பேர் அல்ஜீரியப் பாலைவனத்துக்கு ஓடி இன்னமும் அகதி முகாமில் இருக்கிறார்கள். மீதிப்பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். நடுவில் நீளமாக ஒரு மணல் மதில். நாடு யாருடையது என்று மக்களிடம் ஓட்டு வாங்கித் தீர்ப்போம் என்று உலகம் வாக்குக் கொடுத்து வருடங்கள் ஆகின்றன. ஓட்டுப்பெட்டியைத்தான் காணோம். கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு அகதி முகாமைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நம் ஊர் முகாமில் கணக்கெடுக்கும் நாளன்று இலங்கைப் பிள்ளைகள் கூலி வேலைக்கு வரமாட்டார்கள். தலையை எண்ணும்போது தலை அங்கே இருக்க வேண்டும்.

ஊரில் வெளிநாட்டுப் பார்வையாளர்களின் வெள்ளை வண்டிகள் ஓடும். முதலில் எனக்கு அதைப் பார்த்தால் தெம்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, போர் நிறுத்தத்தைக் கவனிப்பது மட்டுமே அவர்களுக்கு இட்ட வேலை என்று. மதிலைத் தாண்டி யார் சுட்டாலும் எழுதிக்கொள்வார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒரு பையனை அடித்தால் அது அவர்கள் நோட்டில் வராது.

எங்கள் மாடியில் சல்க்கா இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய ஒரே தம்பி சலாமா மீன் ஐஸ் ஆலையில் எலக்ட்ரீஷியன். சஹ்ராவிப் பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் நீளத் துணியை மெல்ஹ்ஃபா என்பார்கள். அதைக் கட்ட சல்க்கா மெஹருன்னிஸாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள், இவள் அவளுக்குச் சேலை கட்டிவிட்டாள். என் பெயரைக் கேட்ட அன்று சல்க்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் அரபிப் பேச்சு பிடிபட்டிருந்தது; அவள் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ஷேக்கா? எங்க ஊர்ல ஷேக்குன்னா நரைச்ச தாடி இருக்கணும். ஓட்டுக்கு ஆள் எண்ண வந்தப்போ ஒவ்வொரு கூட்டத்து ஷேக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவன் இன்னார் மகன், இன்னார் பேரன்னு சாட்சி சொன்னாங்க. அவர் வாயால சொன்னாத்தான் இவன் சஹ்ராவி. உங்களுக்கு யாரைத் தெரியும்?"

யாரையும் தெரியாது என்றேன். தெரியாமலே இருந்துவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். கடைக்கு எதிரே சாலிம் என்பவரின் டீக்கடை. அங்கே சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவர் தினமும் பேப்பர் படிப்பார். பக்கத்தைத் திருப்பவே மாட்டார். அந்த ஆள் என் பக்கம் பார்த்தால் நான் ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஹசீனாவுக்குப் பதினொரு வயது, பள்ளியில் மொராக்கோ என்றும் மாடியில் சகாரா என்றும் இந்த நாட்டின் பெயரைச் சொல்லப் பழகியிருந்தாள். என்னைவிடச் சமர்த்து.

4

அந்த வருடம் வெயில் தொடங்கும்போது சஹ்ராவிகள் தெருவில் கொடி பிடித்துக் கோஷம் போட்டார்கள். போலீஸ் வீடு வீடாக வந்தது. சலாமாவை ஐஸ் ஆலை வாசலிலேயே வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் காலை ரொட்டி, ஒரு சட்டை, சோப்பு எல்லாம் கூடையில் வைத்துக்கொண்டு சல்க்கா ஜெயில் வாசலுக்குப் போனாள். கூடையை உள்ளே வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். காவலர் கூடையைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்பது நாள் போனாள், ஒன்பது நாளும் கூடை திரும்பி வந்தது.

பத்தாம் நாள் ஐரோப்பாவிலிருந்து மனித உரிமைக் குழு ஒன்று வந்து ஹோட்டலில் தங்கியது. நான்கு நாள்தான் அனுமதி. பிடித்துப் போனவர்களின் பட்டியலைக் கொடுத்தால் அதிகாரிகளிடம் கேட்பார்கள். சல்க்கா ஒரு தாளோடு கடைக்கு வந்தாள். அரபியில் பதினோரு பெயர்.

"இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக் குடுங்க. இந்த ஊர் டைப்பிஸ்ட் யாரும் தொடமாட்டேங்கறாங்க."

எனக்கும் தொட இஷ்டமில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் அடித்து முடித்தேன். பட்டியல் அழகாக வந்தது. ஒரே அளவுக் கட்டம், வரிசை எண், பெயர். ஒரே ஒரு பிரதி எடுத்தேன். அவள் போனதும் கையெழுத்துத் தாளை எரித்தேன், கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மூன்றாம் நாள் மதியம் சல்க்கா வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அதிகாரிகள் குழுவுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்கள்: இந்தப் பெயர்களில் யாரும் எங்கள் காவலில் இல்லை. பதிலோடு பட்டியலின் நகலும் இணைத்திருந்தது. அந்த நகலை மேசையில் வைத்து, "இது யாரோட பேர்?" என்று கேட்டாள்.

எட்டாவது வரியில் 'எம். சலாமா' என்றிருந்தது.

சலாமா, மஹ்மூத் மகன், பஷீர் பேரன். அவள் எழுதிக் கொடுத்தது அது. மஹ்மூதை 'எம்' ஆக்கி, முன்னால் தூக்கி வைத்து, பஷீரைக் கட்டத்துக்குள் இடமில்லை என்று விட்டிருந்தேன். பதினோரு பேருக்கும் அப்படியே. யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. பதினொரு வருடம் சிப்காட்டில் அடித்த விரல் தானாக அடித்திருக்கிறது. இந்த ஊரில் வாப்பா பெயரும் பாட்டனார் பெயரும்தான் ஆள். அதை வெட்டினால் எம். சலாமா என்று ஒருவன் எங்குமே பிறக்கவில்லை. அதிகாரிகள் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் ஆளையே காணாமல் அடித்துவிட்டேன்.

"குழு நாளைக்குக் காலையில விமானம் ஏறுது. அப்புறம் அவங்க இல்லேன்னு சொன்னா இல்லைதான்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அவளுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மில்லில் ஒருநாள் பழனி என்ற காண்ட்ராக்ட் கூலியின் கை ரோலரில் மாட்டியது. வேனில் தூக்கிப் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெயரை காண்ட்ராக்டர் பதியவே இல்லை. அவருடைய மனைவி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "சார், எங்கூட்டுக்காரரு பயனி, காலைல வேலைக்கு வந்தாரு, இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பேர்ல ஆளே இல்லம்மா" என்றேன் நான். அந்த அம்மா மன்னிப்புக் கேட்பது போலத் தலையாட்டிவிட்டு கேட்டுக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். சாயங்காலம் வரை நின்றார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தபோது அந்த வாக்கியம் எனக்குக் கனக்கவே இல்லை.

5

குழு தங்கிய ஹோட்டலைச் சுற்றிப் போலீஸ் வேன்கள். முதல் பட்டியலை உள்ளே சேர்த்த சல்க்காவின் தோழி மறுபடி போனபோது வாசலிலேயே மறித்துச் சோதித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இனித் தாள் உள்ளே போகாது. போன்தான் வழி. அந்த ஊரில் போன் என்றால் மூன்றாவது காது ஒன்று எப்போதும் உண்டு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சல்க்காவுக்கு இங்கிலீஷ் வராது.

வீட்டுக்குப் போய் மெஹருன்னிஸாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டால் நல்லது என்று உள்ளூர நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் முதலில் அதைத்தான் செய்தாள். "நம்ம பொண்ண நெனச்சிப் பாத்தீங்களா? நாளிக்கு உங்களத் தூக்கிக்கினு போய்ட்டா நான் எந்தக் கேட்டாண்ட போய் கூட வெச்சிக்கினு நிப்பேன்? எனக்கு இந்த ஊர்ல யார் கீறாங்க?" என்று அழுதாள். மாடியில் சல்க்கா நடக்கும் சத்தம் கேட்டது. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்றதுன்னா முழுசா சொல்லுங்க. திரும்பியும் பாதிப் பேரச் சொல்லிட்டு வராதீங்க" என்றாள்.

சல்க்கா பதினோரு பேரையும் தலைமுறையோடு மனப்பாடமாக ஒப்பித்தாள். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். யார் பிடுங்கினாலும் அந்த ஊரில் வாசிக்க முடியாது. நம் எழுத்தில் ஒரே 'ப' தான், பஷீரின் 'பி'க்கும் அதுதான், 'எஃப்'புக்கும் அதுதான். மேலே சின்னச் சின்னப் புள்ளியாக அடையாளம் வைத்துக்கொண்டேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த நேரம். கடையில் இருந்த கண்ணாடி போன் கூண்டுக்குள் போய் ஹோட்டல் எண்ணைச் சுழற்றினேன். எதிரே சாம்பல் கோட்டு பேப்பரை மடித்து வைப்பது தெரிந்தது.

குழுவிலிருந்து ஒரு பெண்மணி எடுத்தார். பட்டியலில் தவறு, பெயர்கள் முழுதாக இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். லைனில் கரகரவென்று ஒரு சத்தம். முதல் பெயரைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது மில் ஆபீஸ் வழிதான். "எஸ் ஃபார் சேலம், ஏ ஃபார் ஆக்ரா, எல் ஃபார் லண்டன், எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே..." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. ஐந்தாவது பெயரில் பாதியில் தடுமாறி, முதல் எழுத்திலிருந்து திரும்பச் சொன்னேன். சல்க்கா கூண்டுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பெயர் வந்தபோது, புரியாத பாஷையிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொன்றும் முடிந்தது. வைத்துவிடலாம் என்று கையை இறக்கும்போது அந்தப் பெண்மணி, "நன்றி. தகவல் சொல்வது யார்? பெயர் தெரியாதவர் சொன்னதை வைத்து அதிகாரிகளிடம் நான் திரும்பக் கேட்க முடியாது" என்றார்.

கேட்டுக்கொண்டிருக்கும் காது கேட்கட்டும் என்று எந்த வீரமும் எனக்கு வரவில்லை. ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். ஷேக் தாவூத், முகம்மது காசிம் மகன், மீரான் பேரன், பழவேற்காடு என்றேன். அதையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

6

இரண்டு நாள் கழித்துப் போலீஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பெஞ்சில் நான்கு மணி நேரம். "காசிம்!" என்று கூப்பிட்டபோது எழுந்து போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தேன். ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சாலிம் யார்?"

எதிர் டீக்கடைக்காரரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். டீ விற்கிறவர் என்றேன்.

"உன் தொடர்பு அவன்தானா? மத்ராஸ் யார்? பாம்பே யார்?"

அப்போதுதான் உறைத்தது. போனில் நான் சொன்ன சேலம் அவர்கள் காதில் சாலிம் ஆகியிருக்கிறது. அங்கே சாலிம் என்றால் ஆண் பெயர், தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். மற்றதெல்லாம் ரகசியப் பெயர் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. என் வாயில் வந்த ஒரு ஊர்ப் பெயருக்காக, எனக்கு ஆறு வருடம் டீ கொடுத்த மனிதரைத் தூக்கி வந்துவிடுவார்கள். நுணலும் தன் வாயால் கெடும், சரி. நான் அடுத்தவரைக் கெடுக்கப் பார்த்தேன்.

"சார், அது ஊரு. மாம்பழம் விளையற ஊரு. ஆளு இல்ல சார்" என்று தெரிந்த எல்லா பாஷையிலும் கெஞ்சினேன். பேனா வாங்கி, தமிழ்நாட்டு வரைபடம் போட்டேன். சேலத்துக்கு ஒரு புள்ளி, மெட்ராசுக்கு ஒரு புள்ளி. அதிகாரி எழுந்துபோய் எங்கிருந்தோ பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று கொண்டுவந்தார். மெட்ராஸ் இருந்தது. சேலத்தைத் தேடி அவர் விரல் கீழே இறங்கிய நேரம் முழுக்க எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். இவ்வளவு சின்ன அட்லஸில் சேலத்தைப் போட்டிருப்பானா? போட்டிருந்தான்.

அதிகாரி சிரித்தார். பிறகு என் குடியிருப்பு அட்டையை எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். பதினைந்து நாளில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்.

அந்தப் பதினைந்து நாளும் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். சாலிமை யாரும் தொடவில்லை. நடந்ததை அவரிடம் நான் சொல்லவும் இல்லை. சல்க்கா மட்டும் தினமும் காலையில் கூடையோடு படியிறங்குவாள், மதியம் கூடையோடு படியேறுவாள். காலடிச் சத்தத்திலேயே கனம் தெரியும். முழுப் பெயரும் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேலும் ஆள் இல்லை என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பன்னிரண்டாம் நாள் கடையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மெஹருன்னிஸா போன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் கோட்டு இப்போது கடை வாசலிலேயே நின்றது. அவரைத் தாண்டிக்கொண்டு சல்க்கா உள்ளே வந்தாள். இரண்டு கைகளையும் விரித்து எங்கள் முன்னால் நீட்டினாள்.

எனக்குப் புரியவில்லை. வெறுங்கையைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். "இன்னா ஆச்சு, கூட எங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

மெஹருன்னிஸாதான் ஒயரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்கிக்கினாங்கங்க" என்றாள். "கூடய உள்ள வாங்கிக்கினாங்க."